நாலு எண்ணுவதற்குள்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவருடைய தொழில். கெட்டிக்காரர் என்று பேர். கெட்டுப்போன பெட்டியைக் கையில் எடுத்துவிட்டால் உயிர் கொடுக்காமல் கீழே வைக்க மாட்டார். கையில் எடுக்க வைப்பதுதான் பெரும்பாடு. யார் கூப்பிட்டாலும் "நாளைக்கு வரேன்" என்பார். வாடிக்கையாளர்கள் பொறுத்துப் பார்த்து, கடைசியில் அவருக்கு 'நாளைக்கு' என்றே பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். "நாளைக்கு வந்தாரா?" "நேத்துதான் வந்துட்டுப் போனாரு" என்று இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டால் மூன்றாவது ஆளுக்குத் தலை சுற்றும்.

பல்லுக்கும் அதே கதிதான். கீழ்வரிசையில் வலப்பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் ஓட்டை விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடமும் இடப்பக்கமாகவே மென்று, இடப்பக்கமாகவே படுத்து, பல்லை ஏமாற்றி வந்தார். ஒரு காலை, வறுத்த கடலை ஒன்று வழி தவறி வலப்பக்கம் போய்விட்டது. அவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தார்.

மனைவி விசாரிக்கவில்லை. "ஒண்ணு இப்பவே பல் டாக்டர்கிட்ட கிளம்புங்க. இல்லன்னா உங்க டூல் பெட்டியில குறடு இருக்கு, நானே பாத்துக்கறேன்" என்றாள். குறடு எந்தத் தட்டில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

பல் ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் இருந்தது. அங்கேதான் சிக்கல். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மாதமாக அவருக்கு போன் வந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே படம் பார்க்கிற கம்ப்யூட்டர் சில நாள் ஓடுகிறது, சில நாள் பாதியில் அணைகிறது, வந்து பாருங்கள் என்று ஒரு பெண் குரல் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டது. நான்கு தடவையும் நாளைக்கு என்று சொல்லியிருந்தார். ஒரு தடவை நிஜமாகவே பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி வரைக்கும் போனார். மேலேயிருந்து பல் குடைகிற மெஷின் 'ஞீ...' என்று சத்தம் போட்டது. மூன்றாம் படியில் வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்துத் திரும்பி வந்துவிட்டார். இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் எந்தப் புருஷனுக்கு மரியாதை இருக்கும்?

"வேற டாக்டர்கிட்ட போலாமே" என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

"இங்கதான் நல்லா பாக்கறாங்களாம். நடங்க."

வரவேற்பு மேஜையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவுடைய நாத்தனார். டோக்கன் எழுதுவது, போன் எடுப்பது, பஞ்சு எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். பத்து விரலிலும் நீள நீளமாக நகம் வளர்த்து, சிவப்புச் சாயம் பூசியிருந்தாள். பேனாவை அந்த நகங்களுக்கு நடுவில் அவள் பிடித்திருந்ததே ஒரு வித்தை.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அந்தக் குரல்! நான்கு தடவை போனில் கேட்ட அதே குரல்.

"வாத்தியார்" என்றார் அவர்.

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"என்ன வாத்தியார்?"

"கணக்கு."

"கணக்கா!" என்று மனைவி தன்னையறியாமல் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாத்தனார் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தாள். "உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

"பல்வலி வந்தா எல்லாருக்கும் ஒரே குரல்தாங்க" என்றார் அவர். அவசர அவசரமாக மூக்குக்கண்ணாடியையும் போனையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு, கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே போய்விட்டார். பல் டாக்டரின் அறைக்குள் இவ்வளவு ஆசையாக ஓடிய ஆளை நாத்தனார் அதுவரை பார்த்ததில்லை.

டாக்டரம்மா குள்ளமாக, சாந்தமாக இருந்தார்; பூனை நடக்கிற மாதிரி பேசினார். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். "ரெண்டு வருஷமா?" என்றார். "ம்" என்றார் இவர். "வேர் வரைக்கும் போயிடுச்சு சார். உள்ள இருக்கிற நரம்பை எடுத்துட்டு அடைச்சிடலாம். வலிக்காது. ஊசி போடும்போது மட்டும் எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

போட்டார். அந்த எறும்புக்கு யானை ஜாதியில் யாரோ சொந்தக்காரர்கள் இருந்திருக்க வேண்டும். ஆனால் பத்து நிமிடத்தில் கன்னம், உதடு, நாக்கில் பாதி எல்லாம் அவரை விட்டுப் போய்விட்டன. தன் உதட்டைத் தானே தொட்டுப் பார்த்தால் அடுத்தவர் உதட்டைத் தொடுகிற கூச்சம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருக்குச் சத்தமாக மட்டும்தான் தெரியும். குடைகிற சத்தம், தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம், எச்சில் உறிஞ்சுகிற குழாய் 'கொர்ர்' என்கிற சத்தம். வாய் மூடாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டையைப் பல் இடுக்கில் கொடுத்திருந்தார்கள். பல்லுக்குள் மயிரிழை மாதிரி ஒரு கம்பியை இறக்கிவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "கம்பி வேரோட நுனி வரைக்கும் போயிருக்கான்னு ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம். அஞ்சே நிமிஷம்."

நாத்தனார் போய் மூலையில் இருந்த கம்ப்யூட்டரை ஆன் செய்தாள்.

உள்ளே காற்றாடி சுழல ஆரம்பித்தது. 'பீப்' என்று ஒரு சத்தம். பிறகு 'டிக்'. அமைதி.

"அண்ணி, ஆரம்பிச்சிடுச்சு இதோட வேலை" என்றாள் நாத்தனார்.

"ரெண்டு தட்டு தட்டு."

நாத்தனார் பெட்டியின் மண்டையில் ஒன்று வைத்தாள். காற்றாடி சுழன்றது. பீப். டிக். இன்னொன்று வைத்தாள். காற்றாடி. பீப். டிக்.

நாற்காலியில் அண்ணாந்து கிடந்தவர் பயத்தில் இருந்தார் என்பது உண்மை. என்றாலும் பழகிய காது சும்மா இருக்குமா? மூன்றாவது தட்டிலிருந்து அவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, டிக். அடுத்த தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, டிக். ஒரு இம்மிகூட முன்னே பின்னே இல்லை.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயில் கட்டை இல்லாவிட்டால் சிரித்திருப்பார். என்ன கோளாறு என்பது தெரியும், சரிசெய்யப் பத்து நிமிடம் போதும் என்பதும் தெரியும். ஆனால் சொன்னால் குட்டு உடைந்துவிடும். கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கூரையில் ஒட்டியிருந்த பல் தேய்க்கும் படத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "படம் இல்லாம குத்துமதிப்பா உள்ள போக முடியாது சார். தாடை எலும்பைக் குத்திடும். இப்போதைக்கு மருந்து வச்சு அடைச்சு விடறேன். பாதி நரம்பு உள்ளதான் இருக்கு. மரத்தது தெளிஞ்சதும் கொஞ்சம் வலி இருக்கும். பொறுத்துக்குங்க. நாளைக்கு வாங்க."

அந்த 'நாளைக்கு' என்கிற வார்த்தையை அவர் தம் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். தனக்கு ஒருவர் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு கேவலமாகவா இருக்கும்?

"அதுக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர்காரனுக்கு ஒரு தடவை போன் பண்ணிப் பாக்கறேன் அண்ணி" என்று நாத்தனார் வெளியே போனாள். "எடுத்தான்னா இன்னைக்கு அவன் வாயில கட்டைய வச்சுட்டுப் பேசறேன்."

நாற்காலியில் கிடந்தவர் "ஆ... ஆ..." என்றார். வேறொன்றும் வரவில்லை.

வெளி அறையில் நாத்தனார் தன் மேஜையில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியின் கைப்பையில் போன் அடித்தது. பாவம், அவளுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. கடை போனை எடுத்துப் பழகிய கை, எடுத்துவிட்டது.

"ஹலோ, கம்ப்யூட்டர் சர்வீஸ்" என்றாள்.

நாத்தனாருக்கு அந்த வார்த்தை ஒரு காதில் போன் வழியாகவும் மறு காதில் நேராகவும் கேட்டது. இரண்டு பேரும் காதில் போனை வைத்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போனை வைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

"உள்ள இருக்கறது..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள். போனுக்குள்தான் சொன்னாள்.

"ஆமாங்க" என்று மனைவியும் போனுக்குள்ளேயே பதில் சொன்னாள். "அவரேதான்."

"கணக்கு வாத்தியாரு!"

"கூட்டலே சரியா வராதுங்க அவருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வந்தபோது கேட்கவே வேண்டாம். நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியின் தலைமாட்டில் நின்றாள். "அண்ணி, நாலு தடவை நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு நம்மள ஏமாத்தினாரே ஒரு மகராசன், அவரு இதோ மல்லாந்து படுத்திருக்காரு."

டாக்டரம்மா கிட்டே வந்தார். குனிந்து அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தார். கையில் பல் நோண்டுகிற கொக்கி ஒன்று இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார்" என்றார் டாக்டரம்மா, பூனைக் குரல் மாறாமல். "அதை உங்களால சரி பண்ண முடியுமா?"

"ஆ."

"இன்னைக்கே?"

"ஆ! ஆ!"

கம்பியை வெளியே எடுத்து, பல் ஓட்டையில் பஞ்சு வைத்து, வாயிலிருந்த கட்டையை உருவினார்கள். நாற்காலி நிமிர்ந்தது. அவர் கழுத்தில் தொங்கிய நீலத் துணியோடு எழுந்து நின்றார். பேச வாயைத் திறந்தார். பாதி உதடு வேலைக்கு வரவில்லை.

"ஹட்டன்" என்றார். "ஹவர் ஹட்டன் ஹாட்டிக்கிச்சு."

டாக்டரம்மா நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் மனைவியைப் பார்த்தாள்.

"பவர் பட்டன் மாட்டிக்கிச்சுன்னு சொல்றாரு" என்றாள் மனைவி. பதினைந்து வருடக் குடித்தனம், வாயில் எதை வைத்துக்கொண்டு பேசினாலும் புரியும்.

அவர் கொழகொழவென்று சொல்லச் சொல்ல மனைவி மொழிபெயர்த்தாள். "சூட்டுல அணையற மெஷின்னா ஒரு நேரம் பத்து நிமிஷம் ஓடும், ஒரு நேரம் ரெண்டு நிமிஷம் ஓடும். உள்ள கரண்ட் பெட்டி போயிருந்தா சில நேரம் உசிரே வராது. இது ஒவ்வொரு தடவையும் கரெக்டா நாலு எண்ணும்போது அணையுதாம். பட்டனை நாலு செகண்டு விடாம அமுக்கிப் பிடிச்சா எந்தக் கம்ப்யூட்டரும் அணைஞ்சிடுமாம்."

"யாரும் அமுக்கிப் பிடிக்கலையே" என்றாள் நாத்தனார்.

அவர் மறுபடியும் ஏதோ சொன்னார்.

"நீங்க விரலை எடுத்துட்டீங்க, பட்டன் திரும்பி வெளிய வரலைங்கறாரு. தட்டும்போது லேசா விடுது, மறுபடி உள்ள போய் உக்காந்துக்குது. அது பாட்டுக்கு அமுங்கியே இருக்குது. நாலு எண்ணுது, படுத்துக்குது." மனைவி சொல்லிவிட்டு, தன் கணக்கில் ஒரு வரி சேர்த்தாள்: "இதை ஒரு மாசம் முன்னாடியே வந்து பாத்திருக்கலாம்னும் சொல்றாரு."

அப்படி அவர் சொல்லவில்லை. மறுக்கவும் முடியவில்லை. மறுத்தால் அதையும் அவள்தானே மொழிபெயர்க்க வேண்டும்?

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். நாத்தனார் மேஜை டிராயரிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தாள். உள்ளே தூசி கிடக்கும் என்று எதிர்பார்த்தார். கிடந்தது தூசியல்ல, வெள்ளை வெளேரென்று மாவு. பல்செட்டுக்கு அச்சு வார்க்கிற மாவு. தண்ணீர் பட்டால் கல்லாக இறுகிவிடும். முன்பக்கத் தகட்டைக் கழற்றி, பவர் பட்டனை நெம்பி எடுத்தார். பட்டனைச் சுற்றிலும் அதே மாவு இறுகிப் போயிருந்தது. பட்டனின் முகத்தில் தடிமனாக ஒரு படலம், அதில் பள்ளமாக ஒரு விரல் பதிந்த அடையாளம். பல் அச்சுகூட அவ்வளவு துல்லியமாக வராது.

டாக்டரம்மா அதை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாத்தனாரைப் பார்த்தார்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மாவு கலக்கின கையோட எதையும் தொடாதேன்னு."

"நான் தொடல அண்ணி."

"பரவாயில்ல விடும்மா. உங்க அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இந்த மாதிரிப் பெருந்தன்மைதான் ஆபத்தானது. நாத்தனாருக்கு மூக்கு விடைத்தது. வெடுக்கென்று பட்டனைப் பிடுங்கி, தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினாள். நகம் இடித்தது. விரல் உள்ளே இறங்கவே இல்லை.

"பாத்தீங்களா? நான் அமுக்கியிருந்தா நகம் பதிஞ்சிருக்கும். நகத்தை வெட்டு, நகத்தை வெட்டுன்னு தினம் சொல்வீங்களே, நல்ல வேளை வெட்டல." பட்டனை நீட்டினாள். "இப்ப உங்க விரலை வையுங்க அண்ணி."

"எதுக்கு?"

"சும்மா வையுங்களேன்."

டாக்டரம்மா வைத்தார். ஒட்ட வெட்டிய நகம், சின்னக் கட்டைவிரல். உறையில் கத்தி இறங்குவது மாதிரி கனகச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

டாக்டரம்மா விரலை எடுத்துவிட்டு, "அவசரத்துல எப்பயாவது அமுக்கியிருப்பேன்" என்றார். காது மடல் சிவந்திருந்தது. நாத்தனார், "பரவாயில்ல விடுங்க அண்ணி, அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுவாள் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

அடுத்த காரியம் கொஞ்சம் நுட்பமானது. பட்டன் இல்லாமலே மெஷினை எழுப்ப வேண்டும். பட்டனிலிருந்து வருகிற இரண்டு மெல்லிய ஒயரையும் உள்ளே இருக்கிற போர்டிலிருந்து உருவிவிட்டார். அந்த இடத்தில் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருந்தது, அரிசி நுனி அளவுக்கு. "இந்த ரெண்டு முள்ளையும் ஏதாவது இரும்பால ஒரே நேரத்துல தொட்டு எடுத்தா போதும். பட்டனை அமுக்கின மாதிரி" என்பது அவர் சொன்னதின் சாரம். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக் குனிந்தார். கை நடுங்கியது. ஊசி மருந்து நெஞ்சைப் படபடக்க வைத்திருந்தது. தவறிப் பக்கத்து முள்ளில் பட்டால் போர்டே போய்விடும்.

டாக்டரம்மா அவர் கையைப் பார்த்தார். "தள்ளுங்க. நான் பண்றேன்" என்றார். பல் நோண்டும் கொக்கியை எடுத்துக்கொண்டார். தலையில் மாட்டுகிற விளக்கைப் போட்டுக்கொண்டார். கிட்டே போனதும் தயங்கினார். "ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. எறுஹ்ஹு கடிச்ச..." என்று ஆரம்பித்த அவர் நிறுத்திக்கொண்டார். "அடிக்கவே அடிக்காது ஹேடம்."

அதை மனைவி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிளக்கை மாட்டினார்கள். கொக்கியின் நுனி இரண்டு முள்ளையும் தொட்டு மீண்டது. காற்றாடி சுழன்றது. பீப். நான்கு பேரும் சத்தமாக எண்ணினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அஞ்சு. ஆறு! நாத்தனார் கை தட்டினாள். டாக்டரம்மா தன் கொக்கியை ஒரு தடவை பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

திரையில் வெள்ளை எழுத்து வந்தது. மெஷின் பல தடவை பாதியில் அணைந்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும், வேண்டாமென்றால் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அமுக்கவும் என்று போட்டிருந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் விரலை விரித்து நாற்பது என்று காட்டினார்.

"நாப்பது நிமிஷமா! அதுக்குள்ள மரப்பு போயிடும் சார். அமுக்கிடும்மா."

நாத்தனாரின் சிவப்பு நகம் கீபோர்டை நோக்கி இறங்கியது. அவருக்கும் அதுதான் ஆசை. இப்போதே லேசாக உதட்டோரம் ஊர ஆரம்பித்திருந்தது. ஆனால் ஒரு மாதமாக விழுந்து எழுந்துகொண்டிருக்கிற டிஸ்க். உள்ளே என்ன நொறுங்கியிருக்கிறதோ தெரியாது.

"ஹேக்கஹ் இருக்கா?" என்றார் அவசரமாக.

"பேக்கப் இருக்கான்னு கேக்கறாரு. வேற இடத்துல காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

நாத்தனாரின் நகம் அந்தரத்தில் நின்றது. "ஆறு வருஷத்துப் படம் எல்லாம் இதுலதான் இருக்கு. காப்பி எடுத்துத் தரேன்னு ஒருத்தர் போன்ல சொன்னாரு" என்று அவரையே பார்த்தாள். "என்னைக்கு எடுப்பாருன்னு சொன்னாருன்னு நான் சொல்லணுமா?"

ஐந்து. நாலு. அவர் அந்த நகத்தைக் கையோடு பிடித்துத் தள்ளிவிட்டார். மூன்று. இரண்டு. ஒன்று. சோதனை ஆரம்பித்தது. ஒரு சதவீதம் என்று காட்டியது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஒரு சதவீதத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இருபது சதவீதத்தில் நாக்கு திரும்பி வந்தது. முப்பத்தைந்தில் உதடு வந்தது. "ப, ப, பவர் பட்டன்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார், நன்றாகவே வந்தது. நாற்பத்தெட்டில் வலியும் வந்துவிட்டது. பாதி நரம்பு உள்ளே கிடக்கிற பல் எப்படி வலிக்கும் என்பதை எழுதிக் காட்ட முடியாது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்தார். நாற்பத்தொன்பது. மனைவி பக்கத்தில் வந்து நின்று, கேலி எதுவும் செய்யாமல் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டாள். அது வலியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

"டாக்டர்" என்றார் ஐம்பத்தைந்தில். "இன்னொரு ஊசி போடுங்க."

"உங்களுக்குத்தான் ஊசின்னா பயமாச்சே?"

"எறும்பை வரச் சொல்லுங்க மேடம். புத்தோட வரச் சொல்லுங்க."

போட்டார். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. டாக்டரம்மாவின் தோளுக்கு மேலே தெரிந்த திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து வைத்திருந்தார்.

நூறு ஆனபோது டிஸ்க்கில் பழுதான இடங்கள் இருப்பதாகவும் அவற்றை ஒதுக்கிவிட்டதாகவும் கம்ப்யூட்டர் சொன்னது. பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி முழித்துக்கொண்டது. ஆறு வருடத்துப் படங்களும் இருந்தன. நாத்தனார் ஒரு தடவை வேகமாக உருட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

மறுபடியும் கம்பி உள்ளே போனது. படம் எடுத்தார்கள். திரையில் அவருடைய பல் சாம்பல் நிறத்தில், பக்கத்து ஆள் தலை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. வேர் ஒன்று நுனியில் கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

"பாருங்க" என்றார் டாக்டரம்மா. "குத்துமதிப்பா போயிருந்தா இந்த வளைவுல கம்பி உடைஞ்சிருக்கும்."

"பல்லு கூட நேரா இல்ல" என்றாள் மனைவி.

வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மனைவியை அனுப்பிக் கடையிலிருந்து ஒரு புது டிஸ்க்கையும் பட்டனையும் வரவழைத்தார். கன்னத்தில் வீக்கமும் உதட்டோரம் ஒழுகுகிற எச்சிலுமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்லாப் படத்தையும் புது டிஸ்க்குக்கு மாற்றினார். டாக்டரம்மா, கையை இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து, புதுப் பட்டனைத் தானே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். பட்டன் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

கடைசி ஸ்க்ரூ ஒன்று உருண்டு வெளி அறைப் பக்கம் ஓடிவிட்டது. அதைத் தேடி அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பெஞ்சில் புதிதாக ஒரு பேஷண்ட் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், கன்னம் வீங்கி, கைக்குட்டையைத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். பேஷண்ட் கண்ணுக்குத் தெரிந்தது இது: நீலத் துணி கட்டி, அதில் ரத்தத் துளி தெறித்து, வாய் கோணி, கையில் நீள ஸ்க்ரூடிரைவரோடு பல் வைத்தியம் நடக்கிற அறையிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்து தரையில் எதையோ தேடுகிறான்.

"எங்கயோ ஹறந்துடுச்சு" என்றார் அவர், பேஷண்டைப் பார்த்து மரியாதையாக. "ஹாத்தீங்களா?"

பேஷண்ட் எழுந்தார். செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டு, மறு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படியில் தடதடவென்று இறங்கிவிட்டார்.

"ஐயா, அவரு டாக்டர் இல்லீங்க!" என்று நாத்தனார் கத்தினாள். படி காலியாக இருந்தது.

அவருக்கு அந்த மனிதரின் முதுகைப் பார்க்கச் சங்கடமாகப் போய்விட்டது. அந்தப் படியில் பின்வாங்கிய ஆள்தானே அவரும்? யோசிக்காமல் பின்னாலேயே ஓடினார். பேஷண்ட் திரும்பிப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரைப் பார்த்ததும் கையிலிருந்த செருப்பையும் போட்டுவிட்டு ஓடினார். பழக்கடையைத் தாண்டி, தையல் கடையைத் தாண்டி, கன்னத்தைப் பிடித்தபடி இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓடுவதைத் தெருவே நின்று பார்த்தது. தெருமுனையில் பேஷண்டுக்கு மூச்சு வாங்கியது. ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"பயப்ஹடாதீங்க" என்றார் அவர், இரைக்க இரைக்க. "நல்ல டாக்டரு. வலிக்காது. வாங்க."

"நீங்க யாரு?"

"நானும் ஹேஷண்ட்தாங்க."

விளக்குக் கம்பத்தை விடாமல் பேஷண்ட் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் சொன்னது பாதிக்கு மேல் புரிந்த மாதிரிதான் இருந்தது. பிறகு கண் ஸ்க்ரூடிரைவரில் போய் நின்றது.

"அப்ப அது எதுக்கு?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மாவு, பட்டன், நாலு விநாடி, நாத்தனாரின் நகம், ஆறு வருடத்துப் படம் என்று எல்லாவற்றையும் மரத்த உதட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. பேஷண்ட் கம்பத்தை விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு அடுத்த தெருவுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.